கணக்கு முதலில், கடன் கடைசியில்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னை அழைத்தபோது, "கனடாவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தொழில் முயற்சியாண்மையும் புத்தாக்கமும் படித்துவிட்டு வந்தவள் நீ. அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லு" என்றார். இருபது நிமிடம் தந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு முன் பேசுபவர் நேரத்தை மீறக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதையொட்டிச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளையும் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

நான் படித்த இடம் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் அன்டிகோனிஷ் என்ற சிறு பட்டணத்தில் உள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம். கத்தோலிக்கர்கள் 1853இல் தொடங்கியது. 1866இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதற்குள்ளே, 1959இல் ஆரம்பிக்கப்பட்ட கோடி சர்வதேச நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அவரவர் ஊரில் மக்களோடு வேலை செய்கிறவர்களை ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கிருந்தும் அழைத்துப் பயிற்சி கொடுப்பதுதான் அதன் பணி. தோட்டப் பெண்களின் சேமிப்புக் குழுக்களில் வேலை செய்துகொண்டிருந்த நான் அங்கே சில மாதங்கள் படித்தேன்.

பெண் பிள்ளைகள் நிறைந்த இந்தச் சபையில் ஒரு செய்தியை முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த மவுண்ட் சென்ட் பேர்னார்ட் கல்லூரியின் மாணவியர் நால்வர் 1897இல் பட்டம் பெற்றார்கள். வட அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்வி உலகில் பெண்கள் பட்டம் பெற்றது அதுதான் முதல் தடவை. நம் கொள்ளுப் பாட்டிமார் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்த காலம் அது.

"கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் உன்னை மதம் மாறச் சொன்னார்களா?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். பொட்டோடுதான் திரும்பி வந்தேன். ஆனால் அந்த இடத்தின் கிறிஸ்தவம் படிப்பில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அது ஒரு கேள்வியின் வடிவத்தில் இருந்தது. எந்தத் தொழிலைப் பற்றிப் பேசினாலும் "இதில் வரும் இலாபம் யாருக்குப் போகிறது? உழைத்தவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்கள். வேறு இடங்களில் தொழில் முயற்சியாண்மைப் பாடம் "எப்படி விற்பது" என்பதில் தொடங்கும். அங்கே "யாருக்காக" என்பதில் தொடங்கியது.

அந்தக் கேள்வி அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால் நம் கதையையே சொல்வது போல இருக்கும்.

நோவா ஸ்கோஷியா என்றால் புதிய ஸ்கொட்லாந்து என்று பொருள். நமக்கு ஸ்கொட்லாந்து என்றதும் துரைமார் ஞாபகம் வரும். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். ஹொலிரூட் என்பது எடின்பரோவில் உள்ள அரச மாளிகையின் பெயர். ஆனால் அதே ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியில், நிலச்சுவான்தார்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடிகளைத் துரத்திய காலமும் இருந்தது. துரத்தப்பட்ட ஏழைகளில் ஒரு பகுதியினர் கப்பலேறி நோவா ஸ்கோஷியாவில் போய் இறங்கினார்கள். மீன் பிடித்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஒரே நாட்டுக்காரர்கள் இங்கே துரையாக வந்தார்கள், அங்கே கூலியாகப் போனார்கள்.

அந்தச் சுரங்கத் தொழிலாளிக்குச் சாமான் வாங்க ஒரே கடைதான். அது சுரங்கக் கம்பனியின் கடை. கடனுக்கு எடுத்ததைச் சம்பளத்தில் கழிப்பார்கள். சம்பள நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் கடைக்குத் தொழிலாளர்கள் வைத்த பட்டப் பெயர் என்ன தெரியுமா? "என்னைப் பறி" கடை. கோழியின் இறகைப் பிடுங்குவதற்கும் கொழுந்து பறிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தச் சொல்லைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். பறிப்பவர்களாகிய நமக்கு அந்தப் பெயர் எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1925ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஒரு தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டதும், மக்கள் அந்தக் கடைகளை உடைத்துத் தீ வைத்தார்கள். அதற்குப் பிறகு அவை திறக்கப்படவே இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. தொழிலாளியின் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவோம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் எழுதிக் கொடுத்த "துண்டு" முறையை நம் பாட்டன்மார் அறிவார்கள். 1921இல் அதைச் சட்டம் ஒழித்தது. துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை.

கடற்கரை மீனவர் நிலையும் அதுதான். வலையும் உப்பும் கடனாகக் கொடுக்கும் வியாபாரியே மீனுக்கும் விலை சொல்வான். 1927 ஜூலை முதலாம் திகதி கனடா தன் 60ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது, கான்சோ என்ற ஊர் மீனவர்கள் "நாங்கள் எதைக் கொண்டாடுவது?" என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்துணையாக நின்றவர் அந்த ஊரின் பங்குத்தந்தை ஜிம்மி டொம்கின்ஸ். அவர் அதற்கு முன் நம் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர். 1921இலேயே "அறிவு மக்களுக்கே" என்று ஒரு பிரசுரம் எழுதி, பல்கலைக்கழகம் மதிலுக்குள் உட்கார்ந்திருந்தால் போதாது, மீனவனிடமும் சுரங்கத்தானிடமும் போக வேண்டும் என்று வாதாடியவர். வேறொரு விஷயத்தில் ஆயரோடு கருத்து மாறுபட்டதால் மூலையில் இருந்த கான்சோவுக்கு மாற்றப்பட்டவர். மூலைக்கு அனுப்பியதும் நன்மையாகப் போயிற்று.

மீனவர் எழுப்பிய குரலின் விளைவாக அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. பல்கலைக்கழகம் 1928இல் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. அதன் பணிப்பாளராக வந்தவர் மோசஸ் கோடி என்ற குருவானவர். டொம்கின்ஸின் உறவினர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இன்று அவர் பெயரில்தான் நான் படித்த நிறுவனம் இருக்கிறது.

இவர்கள் போய்ச் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். பணம் கொடுக்கவில்லை. கடன் கொடுக்கவில்லை. வலை கொடுக்கவில்லை. முதலில் ஊர்க்கூட்டம் ஒன்று. பிறகு பத்துப் பதினைந்து பேராகப் பிரிந்து, யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் வாரம் ஒருமுறை கூடுவது. படிப்பு வட்டம் என்று பெயர். படித்தவர்கள் வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். நாம் பிடிக்கும் சிங்க இறால் எங்கே போகிறது? அங்கே என்ன விலைக்கு விற்கிறது? இடையில் எத்தனை கை மாறுகிறது? நாம் வாங்கும் மாவுக்கு உண்மையான விலை என்ன? இவைதான் பாடங்கள். 1930களின் முடிவுக்குள் இப்படிப்பட்ட வட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டின.

படிப்புக்குப் பிறகு சேமிப்பு. 1932இல் மாகாணத்தில் கடனுதவிச் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. சில சதங்களாகப் போட்டுச் சேர்த்தார்கள். சேமிப்புக்குப் பிறகு கூட்டுறவுக் கடை, கூட்டுறவு மீன் தொழிற்சாலை. லிட்டில் டோவர் என்ற வறிய கிராமத்து மக்கள், தாங்களே மரம் வெட்டி, தாங்களே ஒரு சிங்க இறால் தொழிற்சாலையைக் கட்டி எழுப்பினார்கள். கோடி இந்த அனுபவத்தையெல்லாம் 1939இல் ஒரு புத்தகமாக எழுதினார். தங்கள் விதிக்குத் தாங்களே எசமானர் என்பது அதன் தலைப்பின் கருத்து.

இதில் பெண்களின் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. கன்னியர் மடத்துச் சகோதரிகள் பலர் அந்தத் துறையில் வேலை செய்தார்கள். சகோதரி மேரி மைக்கேல், சகோதரி ஐரீன் டொய்ல் ஆகிய இருவரின் பெயரையும் அங்கே இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். பெண்களின் வட்டங்களுக்கு வேண்டிய பாடங்களைத் தயாரித்தது, புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கிராமங்களுக்கு அனுப்பியது எல்லாம் இவர்கள் போன்றவர்களின் வேலை.

புத்தாக்கம் என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளுக்குக் கணினியும் கைப்பேசிச் செயலியும் நினைவுக்கு வரும். நம் ஊரிலேயே புத்தாக்கம் இருக்கிறது. சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் உருவானது. அதற்கும் நூறு வயது ஆகிவிட்டது. அங்கே தெரிவு செய்த தேயிலை இனங்கள் நாடு முழுவதும் வளர்கின்றன. நீங்கள் பஸ்ஸில் கடந்து போகும் மலையில் அந்தச் செடி நிற்கிறது. அது விஞ்ஞானத்தின் புத்தாக்கம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

ஆய்வுகூடம் வேண்டாத புத்தாக்கமும் உண்டு. அந்த மீனவர்கள் புதிய இறாலைக் கண்டுபிடிக்கவில்லை. அதே கடல், அதே இறால். பெட்டியில் அடைத்து அனுப்புகிறவர் யார் என்பதை மாற்றினார்கள். அவ்வளவுதான். நம் நாட்டில் இதற்கு ஓர் உதாரணம் மெரில் ஜே. பெர்னாண்டோ. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் நம் தேயிலை மொத்தமாகப் போய், வெளிநாட்டில் கலந்து, அவர்கள் பெயரில் பெட்டியாகிக்கொண்டிருந்தது. அவர் 1988இல் தன் இரு மகன்மாரின் பெயர்களைச் சேர்த்து டில்மா என்று பெயர் வைத்து, இங்கேயே பொதி செய்து அவுஸ்திரேலியச் சந்தைக்கு அனுப்பினார். இலை பழையதுதான். பொதி செய்த இடமும் பெட்டியில் இருந்த பெயரும்தான் புதியவை.

ஆனால் அங்கே படித்த கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும் அல்லவா? அந்தப் பெறுமதியில் கொழுந்து பறித்தவளுக்குப் பங்குரிமை இருக்கிறதா? இல்லை. என் வகுப்பில் கென்யாவின் தேயிலைப் பகுதியிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவருடைய குடும்பம் சொந்தத் துண்டு நிலத்தில் தேயிலை போட்டிருக்கிறது. அங்கே பல இலட்சம் சிறு விவசாயிகள் சேர்ந்து, தாங்கள் கொழுந்து கொடுக்கும் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே பங்குதாரர்களாக இருக்கிறார்கள். வருட முடிவில் தங்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு வரும் என்றார். அவர்களுக்கும் சண்டை, குறை, ஊழல் புகார் எல்லாம் உண்டாம். ஆனால் தொழிற்சாலைக் கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமை உண்டு. நான் அவரிடம் நம் நிலையைச் சொன்னேன். "நூற்றைம்பது வருடமாகத் தேயிலையில் இருக்கிறீர்கள், ஒரு செடிகூட உங்களுடையது இல்லையா?" என்று கேட்டார். அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வியப்பில் கேட்டார்.

வகுப்பில் செய்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போய் இன்றிரவே செய்து பார்க்கலாம். அதற்கு ஓட்டை வாளி என்று பெயர். ஒரு பெரிய தாளில் வாளி ஒன்றை வரைய வேண்டும். மேலே இருந்து உங்கள் ஊருக்குள் வரும் பணத்தை அம்புக்குறியாகப் போட வேண்டும். கீழே வெளியேறும் பணத்தை ஓட்டைகளாகப் போட வேண்டும்.

நான் எங்கள் டிவிஷனை வரைந்தேன். மேலே இருந்து வருவது: நாட்சம்பளம், அரைப் பேர் விழுந்த நாளின் பாதிச் சம்பளம், தீபாவளி முற்பணம், ஓய்வு பெற்றவர்களின் சேமலாப நிதி, கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கும் பிள்ளைகள் அனுப்புவது, மத்திய கிழக்கிலிருந்து தாய்மார் அனுப்புவது, மரக்கறித் தோட்டத்தில் கிடைப்பது, பால் காசு. எழுதி முடித்தபோது எனக்கே ஆச்சரியம். நம் லயங்களுக்குள் வரும் பணம் சிறிதல்ல. இனி ஓட்டைகள்: மாவு, அரிசி, சீனி, மண்ணெண்ணெய், அடகு வட்டி, நுண்கடன் வாரத் தவணை, தளபாடத் தவணை, தனியார் வகுப்புக் கட்டணம், சாராயம், கல்யாணம், மரணம். அநேகமாக எல்லா ஓட்டையும் நேரே டவுனுக்குப் போகிறது. நம் ஊருக்குள்ளேயே ஒரு கை மாறிச் சுற்றுகிற பணம் எது என்று தேடினால், பெண்கள் போடும் சீட்டு ஒன்றுதான்.

சம்பளம் உயர வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் போராடினோம், 2021இல்தான் கிடைத்தது. 2024இல் அது 1350 ஆனது. அந்தப் போராட்டம் வாளிக்குள் வரும் தண்ணீரைப் பற்றியது. ஓட்டையைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை.

ஒரு ஓட்டையை மட்டும் கணக்குப் போடுவோம். ஒரு டிவிஷனில் 40 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ கோதுமை மா. கடையில் கிலோக் கணக்கில் வாங்குவதற்கும், சேர்ந்து மூட்டையாக வாங்குவதற்கும் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 400 ரூபாய். பெரிய காசு இல்லை என்று தோன்றும். 40 குடும்பத்துக்கு 16,000. வருடத்துக்கு 192,000. ரொட்டி தட்டும் மாவில் மட்டும் இவ்வளவு. யாரிடமும் கடன் வாங்காமல், எந்தத் திட்ட முன்மொழிவும் எழுதாமல், ஒரு வருடத்தில் கிடைக்கக்கூடிய முதல் அது. தையல் இயந்திரம் எத்தனை வாங்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

இதுதான் நான் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே விஷயம். வரிசை. முதலில் கணக்கு, இரண்டாவது சேமிப்பு, மூன்றாவது தொழில், கடன் தேவைப்பட்டால் கடைசியில்.

நம் மலையகத்தில் கொஞ்ச காலமாகத் தொழில் முயற்சியாண்மை என்ற பெயரில் நடப்பது இந்த வரிசைக்கு நேர் எதிரானது. முதல் நாளே கடன். ஒரு மணித்தியாலக் கூட்டம், ஐந்து பேர் கையெழுத்து, காசு கையில். என்ன தொழில் என்று கேட்டால், "கோழி வளர்ப்பு என்று எழுதுங்கள்" என்று படிவம் நிரப்புகிறவரே சொல்லிக் கொடுப்பார். அடுத்த வாரம் தவணைக்கு ஆள் வாசலில் நிற்பார். ஒரு கடனை அடைக்க இன்னொன்று. நாம் அறிந்த எத்தனை வீடுகளில் இது நடந்தது! நாட்டின் பிற பகுதிகளிலும் இதே துன்பம் முற்றியதால்தான், 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. பெண்களுக்குத் தொழில் செய்யத் தெரியாததால் இது நடக்கவில்லை. வரிசை தலைகீழானதால் நடந்தது.

கிறிஸ்தவக் கல்விக்கூடங்கள் நம் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது இன்று நேற்றல்ல. நம் தமிழ் உலகத்திலேயே ஓர் உதாரணம். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி, பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தினார். எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறப்பிலேயே அடிமைகள். லேஸ் விற்ற காசைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஊசியும் நூலும் அந்த வேலையைச் செய்தன. அந்தக் காசு பிள்ளையின் கையில் இருந்ததால் அது நடந்தது. பாடசாலை உண்டியலில் போட்டிருந்தால் நடந்திருக்காது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அன்டிகோனிஷ் கதை முழுவதும் வெற்றிக் கதை இல்லை. அந்த மீனவர்களின் பெரிய கூட்டுறவு அமைப்பு, 1930இல் கோடி முன்னின்று அமைத்தது, 1988இல் கடன் தாங்காமல் முறிந்துபோனது. ஏன் என்று வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். காரணங்கள் பல. எனக்கு மனத்தில் பதிந்தது ஒன்று. ஆரம்ப காலத்து உறுப்பினர் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் படித்தவர். பிற்கால உறுப்பினர் மீனைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனவர். படிப்பு வட்டம் நின்ற பிறகு சங்கம் வெறும் கம்பனியாகிவிட்டது. கடன் சுமையைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இனி, மேற்படிப்பை நினைத்துக்கொண்டிருக்கும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். இந்தத் துறையைப் படிக்கக் கனடாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் ஒரு பட்டப் படிப்பாகவே இருக்கிறது. அந்த வகுப்பில் நம் பிள்ளைகள் நிறைய உட்கார வேண்டும். இந்தியாவில் கிறிஸ்தவ நிறுவனங்களைத் தேடுகிறவர்கள் ஜம்ஷெட்பூரில் இயேசு சபையினர் 1949இல் தொடங்கிய நிறுவனத்தைப் பார்க்கலாம். அதன் பெயரிலேயே தொழிலாளர் உறவு என்ற சொல் இருக்கிறது. தொழிற்சங்கக்காரரையும் நிர்வாகியையும் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது அது. சென்னை லொயோலாக் கல்லூரி வளாகத்திலும் 1979 முதல் அவர்களின் வணிக நிர்வாக நிறுவனம் இருக்கிறது. கட்டணம், நுழைவுத் தேர்வு எல்லாவற்றையும் ஆசிரியரிடம் கேட்டு, அந்தந்த வருட விவரத்தை நேரடியாகப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

எந்த இடமானாலும் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இங்கே கணக்கு வாசிக்கக் கற்றுத் தருவார்களா, இல்லை மேடைப் பேச்சு மட்டுமா? இரண்டு, படிக்கும்போதே ஒரு சிறு தொழிலைச் சொந்தக் கையால் செய்து பார்க்க இடமுண்டா? மூன்று, இவர்கள் உதாரணம் காட்டும் வெற்றியாளர்களில் நம்மைப் போன்ற கூட்டத்தார் யாராவது உண்டா, இல்லை எல்லாரும் தனியாள் கோடீஸ்வரர்தானா? கட்டடத்தின் உச்சியில் சிலுவை இருப்பதை மட்டும் பார்த்து இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். சிலுவை இல்லாத இடம் என்று ஒதுக்கியும் விடாதீர்கள்.

"எல்லாரும் வியாபாரம் செய்ய முடியுமா பிள்ளை?" என்று அம்மாமார் கேட்கலாம். வேண்டியதில்லை. ஆசிரியை வேண்டும், தாதி வேண்டும், சட்டத்தரணி வேண்டும். ஆனால் ஆசிரியையாக இருந்தாலும் தன் வீட்டு வாளியில் எங்கே ஓட்டை என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று. நாம் குடியிருக்கும் லயத்துக்கு நம் பெயரில் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கதவு அரைவாசிதான் திறக்கும். காணிக்கான போராட்டம் தனியாக நடக்க வேண்டும், நடக்கிறது. அது வெல்லும்வரை நம் கையில் உள்ள ஒரே பிணை, ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை. சீட்டுப் போடும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும். மரணம் என்றால் ஐந்து நிமிடத்தில் சந்தா திரட்டும் ஊர் இது. அந்தப் பழக்கத்தை வாழ்வதற்கும் பயன்படுத்தலாம்.

கடைசியாக, சங்கத்திடம் என் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியைக் கொண்டு பாடசாலை வாசலில் அலங்கார வளைவு கட்டுவது என்ற யோசனை பொதுக்கூட்டத்துக்கு வருகிறது என்று அறிகிறேன். வளைவு கட்ட விரும்புகிற அக்காமாரின் அன்பை நான் மதிக்கிறேன். நம் பாடசாலைக்கு ஒரு கம்பீரமான வாசல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வாசலால் ஒவ்வொரு வருடமும் வெளியே போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த மாதமே கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்பதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொழும்புக்குப் போவது குற்றமில்லை. வேறு வழி இருந்தும் தெரிவு செய்து போவது வேறு, வழியே இல்லாமல் போவது வேறு.

நிதியின் ஒரு பகுதியையாவது படிப்பு வட்டத்துக்கு ஒதுக்குங்கள். உயர் தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வேலைக்குப் போகாத பழைய மாணவியர், விரும்பி வரும் தாய்மார். மாதம் இரண்டு சனிக்கிழமை, பாடசாலை நூலகத்தில். நம் சங்கத்திலேயே வங்கி உத்தியோகத்தர் இருக்கிறார், தையல் கடை நடத்துபவர் இருக்கிறார், வணிகக் கல்வியும் கணக்கீடும் படிப்பிக்கிற ஆசிரியை இருக்கிறார். வெளியிலிருந்து வளவாளர் தேவையில்லை. முதல் ஆறு மாதம் கணக்கு மட்டும். அடுத்த ஆறு மாதம் சேமிப்பு. அதற்குப் பிறகு, அவர்கள் சேர்த்த தொகைக்குச் சமமான தொகையை நிதியிலிருந்து வட்டியில்லாத சுழற்சி முதலாகக் கொடுக்கலாம். திருப்பிக் கட்டியதும் அடுத்த வட்டத்துக்கு அது போகும். கணக்குப் புத்தகம் எல்லா உறுப்பினரும் பார்க்கும்படி நூலக மேசையில் இருக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொதுக்கூட்டத்தில் நீங்கள் எதைத் தீர்மானித்தாலும் சங்கத்தின் முடிவுக்கு நான் கட்டுப்படுவேன். நிதி கிடைக்காவிட்டாலும் முதல் வட்டத்தை அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை தொடங்க அதிபர் அவர்கள் நூலகத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. வர விரும்புகிறவர்கள் ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும், வீட்டில் போன மாதம் செலவான கணக்கு ஞாபகமும் கொண்டுவந்தால் போதும். கடன் விண்ணப்பப் படிவம் எதையும் கொண்டுவர வேண்டாம்.